கடைசி வரிசையில் வந்து உட்காரும் தாய்மார்களுக்கு

அன்பான தாய்மார்களே,



பாளையங்கோட்டைப் பக்கத்துச் சேகரம் ஒன்றில், பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் ஓய்வுநாள் பாடசாலையிலும் நெடுங்காலம் இருந்தவள் நான். இப்போது பேரன் பேத்தி எடுத்த வயது. எட்டரை மணி ஆராதனைக்கு இரண்டாம் மணி அடித்து, பாவ அறிக்கையும் முடிந்து, முதல் பாடம் வாசிக்கும் நேரத்தில், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பக்கவாசல் வழியே வந்து கடைசி வரிசையில் உட்காருகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். உங்களைத் திரும்பிப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் வாசித்தால் நல்லது. பிந்தி வருகிற பெண்ணுக்கு ஆலயத்தின்மேல் வாஞ்சை இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள், எத்தனை மணிக்குப் படுத்தாள் என்று யாரும் கேட்பதில்லை.

நான் கேட்டிருக்கிறேன். பார்த்தும் இருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு அடுக்களை இப்படி இருக்கும். கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா ஒரு கையால் மாவைத் தள்ளிவிட்டு, மறுகையில் மகள் நாளைக்கு ஒப்புவிக்க வேண்டிய மனப்பாட வசனச் சீட்டைப் பிடித்திருக்கிறாள். மகள் திண்டில் உட்கார்ந்து தூங்கி வழிந்தபடியே பாதி வசனம் சொல்கிறாள், மீதியை அம்மா எடுத்துக் கொடுக்கிறாள். நாளைக்குத் திருவிருந்து ஆராதனை என்பதால் வெள்ளைச் சேலை எடுத்து வைத்திருக்கிறது. முந்தானையில் போன மாதத்துக் குழம்புக் கறை ஒன்று இன்னும் போகவில்லை. மகனுடைய சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை. கறிக்கடையில் எட்டு மணிக்குமேல் போனால் நல்ல கறி கிடைக்காது என்று மாமியார் உள் அறையிலிருந்து ஞாபகப்படுத்துகிறார். கணவர் போனைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் முடிஞ்சுதா? சீக்கிரம் படு" என்கிறார். அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இது சனிக்கிழமையின் கடைசி ஒரு மணி நேரம் மட்டும். காலையில் பிள்ளைகளை அபாகஸ் வகுப்புக்கும் கீபோர்டு வகுப்புக்கும் கொண்டுபோய் விட்டு, திரும்பப் போய்க் கூட்டிவந்து, ஒரு வாரத்துத் துணியைத் துவைத்து, சாயங்காலம் பாடகர் குழுப் பயிற்சிக்கு ஓடி வந்தது இந்தக் கணக்கில் இல்லை. ஞாயிறு மதியம் கறிக்குழம்பு, அதற்குமேல் யாராவது ஒருவர் வீட்டு ஞானஸ்நான விருந்தோ புதுவீட்டுப் பிரதிஷ்டையோ, மாலையில் வீட்டு ஜெபக்கூட்டம், ராத்திரி திங்கட்கிழமைக்கான சார்ட் பேப்பரும் ஷூ பாலிஷும். வேலைக்குப் போகிற பெண்கள், அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிகிறது என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

உடம்பு அலுப்பைவிட உங்களை அதிகம் வருத்துவது வேறொன்று என்று எனக்குத் தெரியும். ஆராதனைக்குப் புறப்படும்போது பிள்ளைகளைப் பார்த்துக் கத்தி, ஒன்றின் முதுகில் ஒரு அடியும் வைத்து, கண்ணீரோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறீர்கள். வந்து முழங்காற்படியிட்டால் ஜெபிக்க வார்த்தை வரவில்லை. பிரசங்கத்தில் கண் சொருகிவிடுகிறது. வீட்டுக்குத் திரும்பும்போது, "நானெல்லாம் என்ன விசுவாசி" என்ற எண்ணம் கூடவே வருகிறது. ஒரு தாய் என்னிடம் இதைச் சொல்லி அழுதபோது, அவள் மனந்திரும்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதலில் தூங்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

நான் சொல்ல வந்தது இதுதான். கர்த்தர் தம்முடைய ஜனத்துக்குக் கொடுத்த ஓய்வில் உங்களுக்கும் பங்கு உண்டு. எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் சட்டியில் மிஞ்சியதைப் போல அது உங்களுக்கு வர வேண்டியதில்லை. கட்டளையிலேயே உங்கள் பங்கு எழுதியிருக்கிறது.

உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து ஓய்வுநாள் கட்டளையை நிதானமாக வாசித்துப் பாருங்கள். யாத்திராகமத்தில் வருகிற அதே கட்டளைதான், ஆனால் இங்கே காரணம் வேறு. அங்கே கர்த்தர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்ததைச் சொல்கிறார். இங்கே எகிப்தைச் சொல்கிறார். நீ அடிமையாய் இருந்தாய், நான் உன்னைப் புறப்படப்பண்ணினேன், ஆகையால் நீ ஓய்ந்திருப்பதுபோலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் ஓய்ந்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. மாட்டையும் கழுதையையும்கூட அவர் விட்டுவிடவில்லை. வீட்டுத் தலைவன் மட்டும் திண்ணையில் சாய்ந்திருக்க, உள்ளே அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிற ஓய்வை அவர் ஓய்வு என்று ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பட்டியலில் மனைவி என்று தனியாக இல்லையே என்று சிலர் கேட்பதுண்டு. "நீ" என்று கட்டளை பேசும்போது வீட்டின் தலைவனோடு தலைவியையும் சேர்த்தே பேசுகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். வேலைக்காரிக்கு ஓய்வு கொடுத்த கர்த்தர் பிள்ளைகளின் தாய்க்கு அதை மறுத்திருப்பாரா?

வனாந்தரத்தில் மன்னா விழுந்த கதையிலும் இதைப் பார்க்கலாம். ஆறாம் நாளில் இரண்டத்தனையாய்ச் சேர்த்து, சுட வேண்டியதைச் சுட்டு, வேவிக்க வேண்டியதை வேவித்து, மீந்ததை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். வைத்தது கெடவில்லை. ஏழாம் நாளின் சாப்பாட்டை அவர் அற்ப விஷயம் என்று விட்டுவிடவில்லை, முந்தின நாளே ஏற்பாடு செய்தார். ஓய்வுநாளில் கூடாரத்துக்குள் நெருப்பு மூட்ட வேண்டாம் என்றும் பின்னால் கட்டளை வருகிறது. நமக்கோ வாரத்திலேயே பெரிய சமையல் ஞாயிற்றுக்கிழமைதான்.

நாம் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்ல, ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாளை ஆசரிக்கிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அடுப்பு பற்றவைப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிருபையின் காலத்தில் வாழ்கிற ஒரு தாய், எகிப்திலிருந்து புறப்பட்ட வேலைக்காரியைவிடக் குறைவான ஓய்வோடு இருப்பது சரியாகுமா என்று நம் வீட்டாரும் சபையாரும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

தாய்மார் ஞாயிறு வந்தால் மார்த்தாளைப் பற்றிப் பிரசங்கம் நிச்சயம். சமையலறையில் கிடந்து அல்லாடினவள், நல்ல பங்கைத் தவறவிட்டவள் என்று சொல்லி முடிப்பார்கள். கேட்கிற நீங்கள் குனிந்துகொள்வீர்கள். அந்தப் பகுதியை இப்படிப் பிரசங்கிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அவளுடைய பேரை ஆண்டவர் இரண்டு முறை கூப்பிடுகிறார். சலித்துக்கொள்கிறவர் அப்படிக் கூப்பிட மாட்டார். அவளைப் பிய்த்துத் தின்கிற அநேக காரியங்களைத்தான் அவர் கண்டித்தார், அவள் கையால் வருகிற சோற்றை அல்ல. யோவான் சுவிசேஷத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். அங்கேயும் மார்த்தாள் பணிவிடை செய்கிறாள், லாசரு பந்தியில் இருக்கிறான், ஆண்டவர் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அதற்கு முந்தின அதிகாரத்தில், சகோதரனைப் புதைத்த துக்கத்தின் நடுவே, அவரே தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று வாய்திறந்து அறிக்கையிட்டவளும் இவள்தான். அப்படிப்பட்டவளைக் காட்டி உங்களைக் குட்டுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. ஆண்டவர் அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறார் என்றால், அதன் பொருள் இன்னும் ஒரு வேலையாக "ஆண்டவர் பாதத்தில் உட்காருவதையும்" உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதாக இருக்க முடியாது. பட்டியலைச் சுருக்குங்கள் என்பதே.

எப்படிச் சுருக்குவது என்று யோசிக்கும்போது எனக்கு யாக்கோபு ஞாபகத்துக்கு வருகிறான். ஆதியாகமம் முப்பத்துமூன்றாம் அதிகாரம். ஏசா நானூறு பேரோடு எதிர்கொண்டு வந்து, அண்ணன் தம்பி இருவரும் கட்டிப்பிடித்து அழுதபின், வா, சேர்ந்து பயணம் போவோம் என்று அழைக்கிறான். யாக்கோபு மரியாதையாக மறுத்துவிடுகிறான். பிள்ளைகள் சின்னதுகள், மந்தையில் பால் கொடுக்கிற ஆடுமாடு இருக்கிறது, ஒரே ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் எல்லாம் செத்துப்போகும், நீர் முன்னே போம், நான் இவைகளுடைய நடைக்குத் தக்கபடி மெல்ல வருகிறேன் என்கிறான். அவன் பின்பு சேயீருக்குப் போகாமல் சுக்கோத்துக்குப் போனதையும், அதில் அவனுடைய பழைய சாமர்த்தியம் கொஞ்சம் கலந்திருந்ததையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் அவன் சொன்ன காரணம் உண்மையானது. முந்தின இரவுதான் பெனியேலில் தேவனோடு போராடித் தொடைச்சந்து சுளுக்கி, நொண்டிக்கொண்டே வந்தவன் அவன். தேவனைத் தொட்டுவிட்டு வந்தவன் அதற்குப்பிறகு வேகமாக நடக்கவில்லை, மெதுவாக நடந்தான்.

உங்கள் வீட்டிலும் சின்னதுகள் இருக்கின்றன, பால்குடி இருக்கிறது. நானூறு பேரோடு நடக்கிறவர்களும் உங்களைச் சுற்றி இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை சனிக்கிழமை நான்கு வகுப்புக்குப் போகலாம். அண்ணன் மனைவி ஞாயிற்றுக்கிழமை முப்பது பேருக்குப் பிரியாணி போடலாம். அவர்களைக் குறை சொல்ல வேண்டாம். முன்னே போகச் சொல்லுங்கள், மரியாதையாகச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளையின் நடைக்குத் தக்கபடி நீங்கள் வாருங்கள்.

இதைச் சொல்லும்போது சுசன்னா வெஸ்லியை யாராவது இழுப்பார்கள். 1669-இல் பிறந்து 1742-இல் மறைந்த அந்த அம்மாள் பத்தொன்பது பிள்ளை பெற்றவர், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கும் பாடலாசிரியர் சார்லஸ் வெஸ்லிக்கும் தாய். பத்தொன்பது பிள்ளையை வளர்த்து அவ்வளவு ஜெபித்தாரே, உனக்கு இரண்டுதானே என்பார்கள். பத்தொன்பதில் ஒன்பது பிள்ளைகளைச் சிசுவிலேயே அடக்கம் பண்ணினவர் அவர் என்பதையும், கணவரின் கடனாலும் வீடு எரிந்த துயரத்தாலும் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொல்வதில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. எப்வர்த் என்ற ஊரில் வாழ்ந்த காலத்தில் அவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு சாயங்காலம் என்று ஒதுக்கி, அந்தப் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து பெரியவனாகி வெளியூர் போனபின்பும் அந்த வியாழக்கிழமைச் சாயங்காலத்தில் தனக்காகக் கொஞ்ச நேரம் ஒதுக்கும்படி அவர் தாய்க்கு எழுதினார். பிள்ளை மனதில் நின்றது அந்தக் கொஞ்ச நேரம். உங்கள் மகளும் நாளைக்கு நினைத்துக்கொள்ளப்போவது அபாகஸ் வகுப்பையா, கூட உட்கார்ந்து நீங்கள் கதை கேட்ட பொழுதையா?

களைப்பைப் பற்றி இன்னொன்று. எலியா கர்மேலில் அத்தனை பெரிய வெற்றியைக் கண்டவன். அதன்பின் யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்ற பாவனையில் ஜெபித்தான். தூதன் வந்து புத்தி சொல்லவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் காட்டினான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டான். இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னபோது, உன் பயணம் தூரம் என்பதைத்தான் தூதன் காரணமாகச் சொன்னான். நீ இங்கே என்ன செய்கிறாய் என்று கர்த்தர் கேட்டது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில். சாப்பாடும் தூக்கமும் முதலில், கேள்வி பின்னால். பிரசங்கத்தில் நீங்கள் கண் அயர்ந்துவிட்டால் உங்கள் பக்கத்தில் நிற்பவர் இந்தக் கர்த்தர்தான்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. கடைசி வரிசையில் இருவர் உட்கார்ந்திருந்தால் ஒருத்திக்கு இரத்தம் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எதிலும் நாட்டம் இல்லை, எரிச்சல் எரிச்சலாக வருகிறது என்றால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் மாதக்கணக்கில் அழுகை நிற்கவில்லை என்றாலும், பிள்ளையைத் தூக்கவே மனம் வரவில்லை என்றாலும், அது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு வைத்தியம் உண்டு. லூக்காவையே நாம் வைத்தியன் என்றுதான் அறிகிறோம்.

இனி உங்கள் வீட்டு ஆண்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். அவர்கள் பக்கத்தில் இருந்தால் இந்தப் பகுதியை உரக்கவே வாசியுங்கள்.

அன்புத் தம்பிமாரே, 2024-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம் என்று வந்திருக்கிறது. அந்த 88 நிமிடமும் எந்த வீட்டில் நடக்கிறது என்று பல பெண்கள் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உங்களுக்கே சும்மா வந்துவிடவில்லை. பம்பாய் மில்களில் வாரம் ஏழு நாளும் வேலை வாங்கிய காலத்தில், ஜோதிராவ் புலேயின் தோழரான நாராயண் மேகாஜி லோகண்டே 1884 முதல் தொழிலாளரைத் திரட்டிக் கேட்டதன் பலனாக 1890 ஜூன் மாதத்தில்தான் மில் முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினார்கள். மில்லில் நின்ற மெஷின் வீட்டு அடுக்களையில் இன்னும் நிற்கவில்லை. ஆசீர்வாத ஜெபம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், "சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று கேட்பதை இந்த வாரம் விட்டுவிடுங்கள். யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ராத்திரி முழுவதும் வலை இழுத்தும் ஒன்றும் கிடைக்காதிருந்த சீஷர்களுக்கு, உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியா கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு, மீன் சுட்டு, அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மரணத்தை ஜெயித்தவர் காலைப் பலகாரம் செய்ததைக் கௌரவக் குறைவாக நினைக்கவில்லை. நீங்கள் வெங்காயம் உரிப்பதாலும் பாத்திரம் கழுவுவதாலும் எந்தக் கௌரவம் போய்விடும்? மகன்கள் பார்க்கும்படியாகச் செய்யுங்கள். அவர்களுக்கு வருகிற மனைவிமார் உங்களை வாழ்த்துவார்கள்.

மாமியார்மாருக்கும் ஒரு வார்த்தை, என்னையும் சேர்த்துத்தான். பேதுருவின் மாமி காய்ச்சலாய்க் கிடந்த அன்று ஓய்வுநாள், ஜெபஆலயத்திலிருந்து வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ஆண்டவர் முதலில் அவளுடைய கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார், காய்ச்சல் நீங்கியது, பந்தி பரிமாறியதெல்லாம் அதற்குப் பின்புதான். நம் மருமகள் முகம் வாடியிருக்கும்போது நாம் முதலில் பார்ப்பது அவள் முகத்தையா, அடுப்பில் இருக்கிற சட்டியையா?

திரும்பவும் தாய்மாரிடம் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை எளிதாக்குங்கள். சனிக்கிழமை வைத்த மீன்குழம்பு மறுநாள்தான் ருசி என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதோடு சோறும் ஒரு அப்பளமும் போதும். கறி சாப்பிடாமல் ஆத்துமா நஷ்டப்பட்டுப் போவதில்லை. ஆசைப்பட்டால் வாரநாளில் ஒரு ராத்திரி வைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை வகுப்புகளில் ஒன்றை நிறுத்துங்கள். பிள்ளையிடமே கேளுங்கள், எதை நிறுத்துவது என்று அதுவே சொல்லிவிடும். எட்டு வயதுக்குமேல் ஆன பிள்ளை, ஆணானாலும் பெண்ணானாலும், தன் ஷூவுக்குத் தானே பாலிஷ் போடட்டும். ஞாயிறு மதியம் சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திப் படுங்கள். அந்த நேரத்தில் வேதம் வாசிக்க வேண்டும் என்றுகூட உங்களைக் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். கர்த்தர் தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரையைத் தருகிறார் என்பது நூற்றிருபத்தேழாம் சங்கீதத்தின் கருத்து, கொடுக்கிறதை வாங்கிக்கொள்ளுங்கள்.

அழைப்பு வந்த எல்லா விருந்துக்கும் போக வேண்டியதில்லை. இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் போகாவிட்டால் வருஷக்கணக்கில் மனதில் வைத்திருப்பார்கள். அதனால் ஒருவர் போகலாம், குடும்பமே போக வேண்டாம். அல்லது வேறொரு நாள் சாயங்காலம் போய்ப் பத்து நிமிடம் இருந்து, ஜெபித்து, காப்பி குடித்துவிட்டு வரலாம். அப்படிப் போகிற சந்திப்பில்தான் நிஜமாகப் பேச முடிகிறது என்பது என் அனுபவம்.

இந்த யோசனைகளெல்லாம் பொருந்தாத தாய்மாரும் அந்த வரிசையில் இருக்கிறீர்கள். கணவர் வளைகுடாவிலோ கப்பலிலோ இருக்க, தனியாகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள். கணவரை இழந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி பார்க்கிற நர்ஸுகள். நைட் முடித்து யூனிபார்முக்குமேல் சேலை சுற்றிக்கொண்டு திருவிருந்துக்கு வந்து முழங்காற்படியிடுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். காலையில் மீன் விற்று முடித்தால்தான் கோயிலுக்கு வர முடியும் என்கிறவர்கள். நீங்களாக எதையும் குறைத்துவிட முடியாது. உங்கள் பாரத்தில் ஒரு பங்கை மற்றவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். மோசேயின் கைகள் சோர்ந்தபோது, இன்னும் உறுதியாய்ப் பிடியும் ஐயா என்று ஆரோனும் ஊர் என்பவரும் பிரசங்கம் பண்ணவில்லை. அவர் உட்காரக் கல்லை எடுத்து வைத்து, ஆளுக்கொரு பக்கமாகக் கையைத் தாங்கினார்கள்.

ஆகவே சபையாரிடமும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. பெண்கள் சங்கக் கூட்டத்தை ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வைக்கிறோம். பசித்த பிள்ளை சேலையைப் பிடித்து இழுக்க, தாய் ஒருத்தி அறிக்கை வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அசனப் பண்டிகை வந்தால் பெரிய அண்டாவில் குழம்பு கிண்டுவது ஆண்கள், அது அழகுதான். அதற்கு முந்தின நாள் மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிப்பதும் மறுநாள் கூடம் கழுவுவதும் யார் என்று பாருங்கள். பிள்ளை அழுதால் வெளியே கொண்டுபோகச் சொல்லிக் கண் காட்டுகிறோம், வெளியே நிழல் உண்டா, உட்கார ஒரு பெஞ்சு உண்டா என்று பார்ப்பதில்லை. பிள்ளை அழுகிற சத்தம் இல்லாத சபைக்கு இன்னும் முப்பது வருஷத்தில் ஜனம் இருக்காது.

உலகமெங்கும் ஆங்கிலிக்கன் சபைகளில் பரவிய தாய்மார் சங்கத்தை 1876-இல் இங்கிலாந்தின் ஓல்ட் ஆல்ரெஸ்போர்டு என்ற கிராமத்தில் தொடங்கியவர் குருவானவரின் மனைவி மேரி சம்னர். தன் மகள் பிள்ளை பெற்றபோது, தான் இளம் தாயாக இருந்த நாட்களின் பயத்தையும் பாரத்தையும் நினைத்துக்கொண்டு, ஊர்த் தாய்மாரை வரவழைத்தார். வந்தவர்களைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சே வரவில்லை. அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் பேசினார். ஏழைத் தாயும் பணக்காரத் தாயும் ஒருவரையொருவர் தாங்க வேண்டும் என்பதற்காகவே அவர் அதைத் தொடங்கினார். நம்முடைய சங்கங்களும் அந்த நோக்கத்தை மறந்துவிடக் கூடாது. வருஷாந்திரக் காணிக்கையும் பாட்டுப் போட்டியும் நல்லவைதான். ஆனால் பிரசவித்து நாற்பது நாளான ஒரு பெண்ணின் வீட்டுக்கு ஒரு வாரம் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோவதை நான் அவைகளுக்கு மேலாக வைப்பேன்.

ஆகையால் வருகிற மாதச் சங்கக் கூட்டத்தில் மூன்று காரியங்களைக் கேட்கப்போகிறேன். சங்கக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமையை விட்டு வேறு நாளுக்கு மாற வேண்டும். வேப்பமரத்தடியில் கைக்குழந்தைக்காரர்களுக்கு இரண்டு பெஞ்சும் ஒரு ஃபேனும் ஒரு ஸ்பீக்கரும் வேண்டும். மரத்தடியில் ஃபேனா என்று கேட்பவர்கள், மே மாதத்தில் பாளையங்கோட்டையில் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே நின்று பார்க்கட்டும். மூன்றாவது, ஓய்வுநாள் பாடசாலைக்கு வாலிபர்களும் தகப்பன்மாரும் முறை வைத்து வர வேண்டும். ஐயர் மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன், ஐயரம்மாவும் மூன்று பிள்ளை வளர்க்கிறவர்தான். நீங்கள் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று கட்டாயமில்லை. முடிந்தால் ஒரு துண்டுச் சீட்டில் பேரை எழுதிக் கொடுத்துவிடுங்கள், வாசிப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வருகிற ஞாயிறு பிந்தி வந்தாலும் வாருங்கள். சின்னவனை என் மடியில் விட்டுவிட்டுத் திருவிருந்துக்குப் போய் வாருங்கள். வலதுபக்கத் தூணோரம் உட்கார்ந்திருப்பேன்.

கர்த்தருக்குள் உங்கள் அன்புள்ள,
பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பெரியம்மா ஒருத்தி